குறைமாதக் குழந்தைகளின் விழித்திரை நோய்

குறைமாதக் குழந்தைகளின் விழித்திரை நோய் என்பது, கருக்காலம் நிறைவடையும் முன்னரே பிறந்த குழந்தைகளின் விழித்திரையில் குருதிக்குழல்கள் இயல்புக்கு மாறாக வளர்வதனால் உண்டாகும் கண் நோய் ஆகும். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களைக் கொண்டு மருத்துவர்கள் இதனை ஆர்.ஓ.பி என அழைக்கின்றனர். இந்நோய் பெரும்பாலான குழந்தைகளில் மிதமான நிலையிலேயே தானாகத் தணிந்துவிடும். சிலரில் மட்டும் அது முற்றி, விழித்திரையை அதன் இடத்திலிருந்து பிரித்து, மீளாத பார்வையிழப்பை ஏற்படுத்துகின்றது.

குழந்தைப் பருவப் பார்வையிழப்பின் காரணங்களுள் தடுக்கக்கூடியவை சில உள்ளன. அவற்றுள் இந்நோய் முதன்மையானது. நோய் முற்றுவதற்கு முன் சிகிச்சை அளித்தால் பெரும்பாலான குழந்தைகளின் பார்வையைக் காப்பாற்ற முடியும். ஆயினும் அதற்குக் கிடைக்கும் காலம் மிகவும் குறுகியது. நோயின் அறிகுறி எதுவும் குழந்தையின் கண்ணில் வெளிப்படையாகத் தெரிவதில்லை. பயிற்சி பெற்ற கண் மருத்துவர் ஒருவர் உரிய வாரத்தில் விழித்திரையை நேரில் பார்த்தோ, படமெடுத்தோ ஆராய்ந்தால் மட்டுமே அதனைக் கண்டறிய இயலும். இத்தகைய மருத்துவர்கள் எண்ணிக்கையில் குறைவாக இருப்பதனால், விழித்திரைப் படங்களைக் கணினியே படித்து நோயின் கடுமையை மதிப்பிடும் செயற்கை நுண்ணறிவு முறைகள் அண்மைக் காலத்தில் உருவாக்கப்பட்டுள்ளன.

விழித்திரையின் வளர்ச்சி

கண்ணின் உட்சுவரில், ஒளியை நரம்புச் சைகைகளாக மாற்றும் மெல்லிய படலமே விழித்திரை ஆகும். கருவில் விழித்திரையின் குருதிக்குழல்கள் ஏறத்தாழ 16 ஆவது வாரத்தில், பார்வை நரம்பு கண்ணுக்குள் நுழையும் வட்டிலிருந்து வளரத் தொடங்குகின்றன. அங்கிருந்து அவை எல்லாத் திசைகளிலும் ஓரத்தை நோக்கிப் படர்கின்றன. மூக்கின் பக்கமுள்ள விளிம்பு வட்டுக்கு அருகில் இருப்பதனால் அவ்விடத்தை ஏறத்தாழ 36 ஆவது வாரத்தில் எட்டுகின்றன. காதுப் பக்கமுள்ள விளிம்பு தொலைவில் இருப்பதனால் அங்கு சென்று சேர ஏறத்தாழ 40 ஆவது வாரம் ஆகின்றது. எனவே நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தையில் இவ்வளர்ச்சி ஏறக்குறைய முடிந்துவிட்டிருக்கும். 28 ஆவது வாரத்தில் பிறக்கும் குழந்தையின் விழித்திரையிலோ ஓரப்பகுதி முழுவதும் குருதிக்குழல்கள் இன்றியே காணப்படும்.

நோய் உண்டாகும் விதம்

இந்நோய் இரண்டு கட்டங்களாக நிகழ்கின்றது.

முதற் கட்டத்தில் குருதிக்குழல்களின் வளர்ச்சி நின்றுவிடுகின்றது. தாயின் கருப்பையில் கருவின் குருதியில் ஆக்சிஜன் அளவு குறைவாகவே இருக்கும். அக்குறைவே விழித்திரை உயிரணுக்களைத் தூண்டி, வி.ஈ.ஜி.எஃப் எனப்படும் குருதிக்குழல் வளர்ச்சிக் காரணியைச் சுரக்கச் செய்கின்றது. குறைமாதத்தில் பிறந்த குழந்தை வெளிக்காற்றைச் சுவாசிக்கத் தொடங்கியவுடன் குருதியில் ஆக்சிஜன் அளவு உயர்கின்றது. சிகிச்சைக்காகக் கூடுதல் ஆக்சிஜன் கொடுக்கப்பட்டால் அது மேலும் உயர்கின்றது. இதனால் வளர்ச்சிக் காரணியின் சுரப்பு குறைந்து, குழல்களின் வளர்ச்சி தடைப்படுகின்றது. உருவான சிறு குழல்களும் அழியலாம். தாயிடமிருந்து கிடைத்துவந்த இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணி-1 குறைந்துவிடுவதும் இத்தடைக்கு ஒரு காரணமாகும்.

இரண்டாம் கட்டம் பெரும்பாலும் 32 ஆவது வாரத்தை ஒட்டித் தொடங்குகின்றது. இங்கு வாரக்கணக்கு என்பது கருக்காலத்தையும் பிறந்த பின் கழிந்த காலத்தையும் சேர்த்துக் கணக்கிடப்படுவதாகும். குருதிக்குழல் இல்லாத விழித்திரை வளர்ந்து, அதன் ஆக்சிஜன் தேவை பெருகும்பொழுது, அப்பகுதி வளர்ச்சிக் காரணியை மிகுதியாகச் சுரக்கின்றது. அதன் தூண்டுதலால் புதுக் குழல்கள் தோன்றுகின்றன. ஆனால் அவை விழித்திரையின் தளத்திலேயே படராமல், கண்ணின் நடுவிலுள்ள கண்ணாடியுடலை நோக்கி ஒழுங்கின்றி வளர்கின்றன. இவற்றுடன் சேர்ந்து உண்டாகும் நார்த்திசு சுருங்கும்போது விழித்திரையை இழுத்துப் பிரித்துவிடுகின்றது.

எனவே, ஆக்சிஜன் மிகுதி முதற் கட்டத்திலும் ஆக்சிஜன் பற்றாக்குறை இரண்டாம் கட்டத்திலும் தீங்கு செய்கின்றன. மருத்துவ உலகம் இதனைப் புரிந்துகொள்ளப் பல ஆண்டுகள் ஆயின.

வரலாறு

1942 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரைச் சேர்ந்த கண் மருத்துவர் தியோடர் டெர்ரி, குறைமாதக் குழந்தைகளின் கண்வில்லைக்குப் பின்னால் வெண்மையான நார்ப்படலம் இருப்பதை முதன்முதலில் விவரித்தார். அவர் பார்த்தது நோயின் இறுதி நிலை ஆகும். அதனால் இந்நோய் தொடக்கத்தில் வில்லைப்பின் நார்ப்பெருக்கம் என்னும் பொருள்படும் பெயரால் அழைக்கப்பட்டது.

அடுத்த பத்தாண்டுகளில் செல்வ வளம் மிக்க நாடுகளில் இந்நோய் ஒரு கொள்ளை நோய் போலப் பரவியது. காற்றுப் புகாத புதிய இன்குபேட்டர் பெட்டிகளில் குழந்தைகளை வைத்து, தாராளமாக ஆக்சிஜன் கொடுப்பது அன்று சிறந்த மருத்துவமாகக் கருதப்பட்டது. இதனால் மிகச் சிறந்த மருத்துவமனைகளிலேயே பார்வையிழப்பு மிகுதியாக இருந்தது. 1951 ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகர மருத்துவர் கேட் கேம்பெல், மிகையான ஆக்சிஜனே இதற்குக் காரணமாக இருக்கலாம் எனச் சுட்டிக்காட்டினார். அமெரிக்காவில் ஆர்னல் பாட்ஸ், லிராய் ஹோக் ஆகியோர் குழந்தைகளை இரு பிரிவுகளாக்கி, ஒரு பிரிவுக்கு ஆக்சிஜனைக் குறைத்துக் கொடுத்து நடத்திய ஆய்வின் முடிவுகள் 1952 ஆம் ஆண்டில் வெளியாயின. ஆக்சிஜனைக் குறைப்பது குழந்தையைக் கொல்வதாகும் என அஞ்சிய செவிலியர் சிலர், இரவு வேளையில் அதனைத் திறந்துவிட்ட நிகழ்வுகளும் அவ்வாய்வின்போது நடந்தன. பின்னர் 18 மருத்துவமனைகள் கூட்டாக நடத்திய பெரிய ஆய்வு இத்தொடர்பை உறுதிப்படுத்தியது. இலண்டனில் நார்மன் ஆஷ்டன் பூனைக்குட்டிகளில் செய்த சோதனைகள், ஆக்சிஜன் விழித்திரைக் குழல்களை எவ்வாறு அழிக்கின்றது என்பதை விளக்கின. அதற்குள் உலகெங்கும் ஏறத்தாழ 10,000 குழந்தைகள் பார்வையை இழந்திருந்தனர். 1950 ஆம் ஆண்டில் பிறந்த அமெரிக்க இசைக் கலைஞர் ஸ்டீவி வொண்டர் அவர்களுள் ஒருவர்.

இதன் பின்னர் ஆக்சிஜன் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. பார்வையிழப்பு விரைவில் குறைந்தது. ஆனால் மூச்சுத் திணறலால் இறந்த குழந்தைகளின் எண்ணிக்கையும், மூளைப் பாதிப்புடன் பிழைத்தவர்களின் எண்ணிக்கையும் கூடின. ஒரு குழந்தையின் பார்வையைக் காத்ததற்கு ஏறத்தாழ 16 குழந்தைகளின் உயிர் விலையாயிற்று என 1973 ஆம் ஆண்டில் வெளியான ஒரு மதிப்பீடு கூறியது. குருதியிலுள்ள ஆக்சிஜனை ஊசியின்றித் தொடர்ந்து அளக்கும் கருவிகள் பரவலான பின்னரே, எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதை ஓரளவு நுட்பமாக முடிவு செய்ய முடிந்தது. இச்சிக்கல் இன்றும் முழுமையாகத் தீரவில்லை. 2010 ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், ஆக்சிஜன் செறிவு 85 முதல் 89 விழுக்காடு வரை பேணப்பட்ட குழந்தைகளில் கடும் விழித்திரை நோய் குறைந்திருந்தது. ஆயினும் 91 முதல் 95 விழுக்காடு வரை பேணப்பட்டவர்களை விட அவர்களில் இறப்பு கூடுதலாக இருந்தது.

வரலாற்றாசிரியர்கள் இந்நோயின் பரவலை மூன்று அலைகளாகப் பிரிப்பர். 1940களிலும் 1950களின் முற்பகுதியிலும் நிகழ்ந்தது முதல் அலை ஆகும். மிகச் சிறிய எடையுள்ள குழந்தைகளும் பிழைக்கத் தொடங்கிய 1970களிலும் 1980களிலும் இரண்டாம் அலை தோன்றியது. இந்தியா, சீனா, இலத்தீன் அமெரிக்க நாடுகள் போன்றவற்றில் 1990களிலிருந்து காணப்படுவது மூன்றாம் அலை ஆகும். இங்கு குழந்தைகளைப் பிழைக்க வைக்கும் பிரிவுகள் விரைவாகப் பெருகின. ஆக்சிஜனை அளந்து கொடுக்கும் வசதியும், கண் பரிசோதனையும் அதே விரைவில் வளரவில்லை. ஆதலால் செல்வ நாடுகளில் இந்நோய் அரிதாகவே வரக்கூடிய, ஓரளவு எடை கூடிய குழந்தைகளும் இங்கு பாதிக்கப்படுகின்றனர்.

2010 ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 20,000 குறைமாதக் குழந்தைகள் இந்நோயால் பார்வையை முற்றிலுமாகவோ பெரும்பகுதியோ இழந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது.

நோயின் வகைப்பாடு

நோயின் தன்மையை எல்லா மருத்துவர்களும் ஒரே வகையில் குறிப்பதற்காக 1984 ஆம் ஆண்டில் பன்னாட்டு வகைப்பாடு ஒன்று வெளியிடப்பட்டது. அதன் மூன்றாம் பதிப்பு 2021 ஆம் ஆண்டில் வெளிவந்தது. இவ்வகைப்பாடு மூன்று கேள்விகளுக்கு விடை தருகின்றது.

முதலாவது, நோய் எந்த இடத்தில் உள்ளது என்பது. பார்வை நரம்பு வட்டை மையமாகக் கொண்டு விழித்திரை மூன்று மண்டலங்களாகப் பிரிக்கப்படுகின்றது. மையத்தை ஒட்டிய முதல் மண்டலத்தில் தோன்றும் நோய் மிகவும் ஆபத்தானது. காதுப் பக்க ஓரத்தில் பிறை வடிவில் எஞ்சியுள்ள மூன்றாம் மண்டலத்தில் தோன்றும் நோய் பெரும்பாலும் தானாகவே தணிந்துவிடும்.

இரண்டாவது, நோய் எந்த நிலையில் உள்ளது என்பது. நிலைகள் பின்வருமாறு:

- நிலை 1: குழல்கள் உள்ள பகுதிக்கும் இல்லாத பகுதிக்கும் இடையே மெல்லிய வெண்கோடு காணப்படும்.
- நிலை 2: அக்கோடு உயர்ந்து, வரப்புப் போன்ற மேடாகும்.
- நிலை 3: வரப்பிலிருந்து புதுக் குழல்கள் கண்ணாடியுடலை நோக்கி வளரும்.
- நிலை 4: விழித்திரையின் ஒரு பகுதி பிரிந்திருக்கும். கூர்ந்த பார்வைக்குரிய மஞ்சள் புள்ளி தப்பியிருந்தால் 4ஏ எனவும், அதுவும் பிரிந்திருந்தால் 4பி எனவும் குறிக்கப்படும்.
- நிலை 5: விழித்திரை முழுவதும் பிரிந்திருக்கும்.

மூன்றாவது, மையப் பகுதியின் குருதிக்குழல்கள் எவ்வாறு உள்ளன என்பது. நோய் கடுமையாகும்பொழுது வட்டை ஒட்டிய சிரைகள் வீங்கியும் தமனிகள் சுருண்டு நெளிந்தும் காணப்படும். இது பிளஸ் நோய் என அழைக்கப்படுகின்றது. சிகிச்சை வேண்டுமா என்னும் முடிவு பெரும்பாலும் இவ்வறிகுறியையே சார்ந்துள்ளது. படிப்படியாக நிலைகளைக் கடக்காமல் சில நாட்களிலேயே முற்றிவிடும் தீவிர வகையும் உண்டு.

பரிசோதனை

எக்குழந்தைகளைப் பரிசோதிக்க வேண்டும் என்னும் வரையறை நாட்டுக்கு நாடு வேறுபடும். அமெரிக்காவில் 1,500 கிராம் அல்லது அதற்குக் குறைவான எடையுடனோ, 30 வாரம் அல்லது அதற்கு முன்னரோ பிறந்த குழந்தைகள் பரிசோதிக்கப்படுகின்றனர். இந்தியாவில் 2,000 கிராமுக்குக் குறைந்த எடையுள்ள குழந்தைகளும் 34 வாரங்களுக்கு முன் பிறந்தவர்களும் பரிசோதிக்கப்பட வேண்டும். அமெரிக்க வரையறையை அப்படியே பின்பற்றினால், இந்தியாவில் கடும் நோயுள்ள குழந்தைகள் சிலர் விடுபட்டுப் போவர் என்பதே இவ்வேறுபாட்டின் காரணம் ஆகும்.

முதல் பரிசோதனை குழந்தை பிறந்த 30 நாட்களுக்குள் முடிந்துவிட வேண்டும். 28 வாரங்களுக்கு முன் பிறந்த, அல்லது 1,200 கிராமுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு அது இரண்டு அல்லது மூன்று வாரங்களிலேயே தேவைப்படும். ஒரு முறை பார்த்துவிட்டால் போதாது. குழல்கள் ஓரத்தை எட்டும் வரையிலோ, நோய் தணியும் வரையிலோ ஒன்று அல்லது இரண்டு வார இடைவெளியில் மீண்டும் மீண்டும் பார்க்க வேண்டும்.

பரிசோதனையின்போது பாவையை விரிக்கும் சொட்டு மருந்து இடப்படும். பின்னர் இமைகளை விலக்கும் சிறு கருவி பொருத்தப்பட்டு, மருத்துவர் தம் தலையில் அணிந்த விளக்கின் துணையுடன் கையில் பிடித்த வில்லை வழியாக விழித்திரையை நோக்குவார். குழந்தைக்கு இது வலி தரக்கூடியது. நாடித் துடிப்பும் மூச்சும் மாறக்கூடும். எனவே குழந்தைகள் நல மருத்துவர் அல்லது செவிலியர் உடனிருப்பது அவசியம். இதற்கு மாற்றாக, கண்ணின் மேற்பரப்பில் மெல்லத் தொட்டு விழித்திரையைப் பரந்த கோணத்தில் படமெடுக்கும் ஒளிப்படக் கருவிகளும் பயன்படுகின்றன.

பரிசோதனை தவறினால் நேரும் விளைவுக்குச் சென்னையில் நிகழ்ந்த ஒரு வழக்கு சான்றாகும். 1996 ஆம் ஆண்டில் அங்குள்ள அரசு மருத்துவமனை ஒன்றில் 29 ஆவது வாரத்தில் 1,250 கிராம் எடையுடன் பெண் குழந்தை ஒன்று பிறந்தது. இன்குபேட்டரில் வைத்துப் பராமரிக்கப்பட்டு வீடு திரும்பிய அக்குழந்தைக்குக் கண் பரிசோதனை செய்யப்படவில்லை. அதன் தேவை பெற்றோருக்குத் தெரிவிக்கப்படவும் இல்லை. குழந்தை பார்வையை இழந்தது. நீண்ட வழக்கின் முடிவில், 2015 ஆம் ஆண்டு சூலை 1 ஆம் நாள், இந்திய உச்ச நீதிமன்றம் ஏறத்தாழ 1.8 கோடி ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. தீர்ப்பு வந்தபோது அப்பெண்ணுக்கு அகவை 18.

சிகிச்சை

சிகிச்சையின் நோக்கம், குருதிக்குழல் இல்லாத பகுதியிலிருந்து வரும் வளர்ச்சித் தூண்டுதலை நிறுத்துவதாகும். அப்பகுதியைக் குளிரூட்டி உறையச் செய்யும் முறையால் பார்வைக்குக் கேடான விளைவுகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைகின்றன என 1988 ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வொன்று நிறுவியது. பின்னர் இம்முறையின் இடத்தை லேசர் சிகிச்சை பிடித்துக்கொண்டது. நோய் மேலும் முற்றும் வரை காத்திராமல் முன்கூட்டியே சிகிச்சை அளிப்பது நல்லது என 2003 ஆம் ஆண்டில் வெளியான மற்றொரு ஆய்வு காட்டியது. இன்றைய நடைமுறையில், சிகிச்சை தேவை என முடிவான பின் 48 முதல் 72 மணி நேரத்துக்குள் அது அளிக்கப்பட வேண்டும். தீவிர வகையாயின் அதனினும் விரைவு வேண்டும்.

வளர்ச்சிக் காரணியைத் தடுக்கும் மருந்துகளைக் கண்ணுக்குள் ஊசி வழியாகச் செலுத்துவது மற்றொரு முறை ஆகும். பெவாசிசுமாப் மருந்து பற்றிய ஆய்வு 2011 ஆம் ஆண்டிலும், ரானிபிசுமாப் பற்றிய ஆய்வு 2019 ஆம் ஆண்டிலும் வெளியாயின. அஃப்லிபெர்செப்ட் மருந்துக்கு 2023 ஆம் ஆண்டில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இந்நோய்க்காக ஒப்புதல் அளித்தது. லேசர் முறையில் ஓரப்பகுதி விழித்திரை நிலையாக அழிக்கப்படுகின்றது. ஊசி மருந்து அதனை அழிப்பதில்லை. எனினும் நோய் பல வாரங்கள் கழித்து மீண்டும் தோன்றக்கூடும் என்பதனால் நீண்ட கண்காணிப்புத் தேவை. விழித்திரை பிரிந்துவிட்டால் அறுவை சிகிச்சையே வழியாகும். நான்காம் நிலையில் அது ஓரளவு பயன் தரும். ஐந்தாம் நிலையில் பெரும்பாலும் பயனுள்ள பார்வை கிடைப்பதில்லை.

நோய் தணிந்த குழந்தைகளுக்கும் பிற்காலத்தில் கிட்டப்பார்வை, மாறுகண், சோம்பல் கண் போன்றவை வரக்கூடும். எனவே கண் பரிசோதனை பள்ளிப் பருவத்திலும் தொடர வேண்டும்.

தொலைமருத்துவம்

உலகில் குறைமாதப் பிறப்புகள் மிகுதியாக நிகழும் நாடு இந்தியா ஆகும். ஆண்டுதோறும் ஏறத்தாழ 30 இலட்சம் குழந்தைகள் இங்கு குறைமாதத்தில் பிறக்கின்றனர். பச்சிளங்குழந்தைப் பராமரிப்புப் பிரிவுகள் மாவட்டத் தலைநகரங்களிலும் உள்ளன. இந்நோயில் தேர்ந்த கண் மருத்துவர்களோ பெருநகரங்களிலேயே மிகுதியாக உள்ளனர்.

இவ்விடைவெளியை நிரப்ப, பெங்களூரின் நாராயண நேத்ராலயா மருத்துவமனை 2008 ஆம் ஆண்டில் கிட்ராப் என்னும் திட்டத்தைத் தொடங்கியது. பயிற்சி பெற்ற தொழில்நுட்பப் பணியாளர்கள் படக்கருவியுடன் கர்நாடக மாவட்டங்களின் மருத்துவமனைகளுக்குச் சென்று விழித்திரைப் படங்களை எடுக்கின்றனர். அவர்களே படத்தைப் பார்த்துச் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை என வகை பிரிக்கின்றனர். தொலைவிலுள்ள மருத்துவர் படங்களை இணையத்தின் வழியே பார்த்து முடிவைத் தெரிவிக்கின்றார். தமிழ்நாட்டில் கோயம்புத்தூர் அரவிந்த் கண் மருத்துவமனையும் இத்தகைய தொலைமருத்துவத் திட்டத்தை நடத்தியுள்ளது.

மருத்துவர் அல்லாதோர் எடுத்த படங்களை மருத்துவர் அல்லாத பயிற்சி பெற்றோரே படித்தாலும் நோயைக் கண்டறிய இயலுமா என்பதை அமெரிக்காவில் நடந்த ஆய்வொன்று ஆராய்ந்தது. 2014 ஆம் ஆண்டில் வெளியான அதன் முடிவுகளின்படி, மருத்துவரிடம் அனுப்ப வேண்டிய குழந்தைகளில் 90 விழுக்காட்டினரை அவர்கள் சரியாக இனங்கண்டனர்.

செயற்கை நுண்ணறிவின் பயன்பாடு

தொலைமருத்துவம் மருத்துவரின் பயண நேரத்தைக் குறைக்கின்றது. ஆனால் ஒவ்வொரு படத்தையும் ஒருவர் பார்த்தே ஆக வேண்டும். பார்ப்பவர்களுக்குள்ளும் கருத்து வேறுபாடு உண்டு. 2007 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், 34 படங்கள் 22 வல்லுநர்களிடம் காட்டப்பட்டன. பிளஸ் நோய் உள்ளதா, அதற்கு முந்தைய நிலையா, இரண்டும் இல்லையா என்னும் கேள்விக்கு அவர்கள் அனைவரும் ஒரே விடை கூறியது 4 படங்களுக்கு மட்டுமே ஆகும். ஒரே குழந்தைக்கு ஒரு மருத்துவர் சிகிச்சை வேண்டும் என்றும், மற்றொருவர் காத்திருக்கலாம் என்றும் கூறக்கூடும் என்பதே இதன் பொருள். இக்காரணத்தினால் பிளஸ் நோயை அளவிடும் பணியில் கணினியை ஈடுபடுத்தும் முயற்சிகள் தொடங்கின.

இம்முறைகளின் அடிப்படை ஆழ்கற்றல் ஆகும். வீக்கம் எவ்வளவு இருந்தால் நோய் என்னும் விதியை மனிதர் கணினிக்கு எழுதித் தருவதில்லை. மாறாக, வல்லுநர்கள் முன்னரே வகைப்படுத்திய ஆயிரக்கணக்கான படங்கள் கணினிக்குக் கொடுக்கப்படுகின்றன. கணினி ஒவ்வொரு படத்துக்கும் விடை கூறி, அது தவறாயின் தன் உள்ளமைப்பின் எண்களைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொள்கின்றது. பலமுறை இவ்வாறு செய்த பின், முன்பு பார்த்திராத படத்துக்கும் விடை கூறும் திறனை அது பெறுகின்றது.

2018 ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் ஐ-ராப் என்னும் ஆழ்கற்றல் முறையின் முடிவுகளை வெளியிட்டனர். 5,511 விழித்திரைப் படங்களைக் கொண்டு அது பயிற்றுவிக்கப்பட்டது. முதலில் ஒரு நரம்பியல் வலையமைப்பு படத்திலிருந்து குருதிக்குழல்களை மட்டும் பிரித்தெடுக்கின்றது. பின்னர் மற்றொரு வலையமைப்பு அவற்றின் தோற்றத்தை வகைப்படுத்துகின்றது. தனியாக வைக்கப்பட்டிருந்த 100 படங்களில் இதன் விடைகள் 91 விழுக்காடு சரியாக இருந்தன. அதே படங்களைப் பார்த்த 8 வல்லுநர்களுள் 6 பேரை விட இது சிறப்பாகச் செயற்பட்டது. அதே ஆண்டில் சீன ஆய்வாளர்களும் டீப்ராப் என்னும் முறையை வெளியிட்டனர்.

பிற்கால ஆய்வுகளில் இம்முறை, உண்டு அல்லது இல்லை என்னும் விடையுடன் நில்லாமல், குழல்களின் கடுமையை 1 முதல் 9 வரையிலான எண்ணாகத் தருமாறு விரிவாக்கப்பட்டது. பிளஸ் நோய் திடீரென ஒரு நாளில் தோன்றுவதில்லை. அது படிப்படியான மாற்றம் என்னும் கருத்தை 2021 ஆம் ஆண்டுப் பன்னாட்டு வகைப்பாடும் ஏற்றுக்கொண்டுள்ளது. எண்ணாகக் கிடைப்பதனால் ஒரே குழந்தையின் சென்ற வாரப் படத்தையும் இந்த வாரப் படத்தையும் ஒப்பிட்டு, நோய் ஏறுகின்றதா இறங்குகின்றதா என அறிய முடிகின்றது.

தென்னிந்தியாவில் அரவிந்த் மருத்துவமனையின் தொலைமருத்துவத் திட்டத்தில் எடுக்கப்பட்ட படங்களைக் கொண்டு இம்முறை சோதிக்கப்பட்டு, முடிவுகள் 2021 ஆம் ஆண்டில் வெளியாயின. சிகிச்சை தேவைப்பட்ட குழந்தைகள் அனைவரையும் அது இனங்கண்டது. சிகிச்சை தேவைப்படாதவர்களுள் 78 விழுக்காட்டினரை அவ்வாறே சரியாக விலக்கியது. மேலும், ஆக்சிஜனைக் காற்றுடன் அளவாகக் கலக்கும் கருவியும் குருதி ஆக்சிஜனை அளக்கும் கருவியும் இல்லாத பிரிவுகளின் குழந்தைகளில் நோயின் கடுமை எண் உயர்ந்திருந்தது. அதாவது, கண் படத்திலிருந்து கிடைத்த எண், எந்தப் பிரிவில் ஆக்சிஜன் பராமரிப்பைச் சீர்செய்ய வேண்டும் என்பதையும் காட்டியது.

இவ்விழுக்காடுகளின் பொருளை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். 1,000 குழந்தைகள் பரிசோதிக்கப்படுகின்றனர் என்றும், அவர்களுள் 50 பேருக்குச் சிகிச்சை தேவை என்றும் கொள்வோம். மேற்கூறிய திறனுடன் கணினி 50 பேரையும் கண்டுபிடிக்கும். எஞ்சிய 950 பேரில் 741 பேரைச் சரியாக விலக்கி, 209 பேரைத் தவறாக ஐயப்படும். ஆகவே மருத்துவர் 1,000 பேருக்குப் பதிலாக 259 பேரின் படங்களை மட்டும் பார்த்தால் போதும். 209 பேருக்கு நேரும் இழப்பு கூடுதலான ஒரு பரிசோதனை ஆகும். மாறாக, நோயைக் கண்டறியும் திறன் 90 விழுக்காடாக மட்டும் இருந்தால், 50 பேரில் 5 பேர் விடுபடுவர். அவர்கள் இழப்பது பார்வை. இதனாலேயே இந்நோய்க்கான முறைகளில் தவறான ஐயத்தைப் பொறுத்துக்கொண்டேனும் ஒருவரும் விடுபடாமை முதன்மையாகக் கொள்ளப்படுகின்றது.

கண் மருத்துவத்தின் பிற துறைகள்

கண் மருத்துவத்தில் செயற்கை நுண்ணறிவு முதலில் வேரூன்றியது நீரிழிவு விழித்திரை நோயில் ஆகும். 2016 ஆம் ஆண்டில் கூகுள் நிறுவன ஆய்வாளர்கள் 1,28,175 படங்களால் பயிற்றுவித்த முறை ஒன்றை வெளியிட்டனர். மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா ஆகிய மருத்துவமனைகள் அப்பணியில் பங்கு கொண்டன. 2018 ஆம் ஆண்டு ஏப்ரலில், மருத்துவரின் துணையின்றித் தானே முடிவு கூறும் நீரிழிவு விழித்திரை நோய் முறை ஒன்றுக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் முதன்முறையாக ஒப்புதல் அளித்தது. அது வயது வந்தோருக்கானது. நீரிழிவு நோயில் ஒரு பரிசோதனை தவறினால் அடுத்த மாதம் செய்யலாம். குறைமாதக் குழந்தையில் அடுத்த மாதம் என்பது பெரும்பாலும் காலங்கடந்ததாகும்.

வரம்புகள்

ஆய்வுக்கூடத்தில் சிறப்பாகச் செயற்படும் முறை மருத்துவமனையில் அவ்வாறே செயற்படும் எனக் கூற முடியாது. 2020 ஆம் ஆண்டில் தாய்லாந்தில் நீரிழிவு விழித்திரை நோய் முறை ஒன்றின் பயன்பாட்டை ஆராய்ந்தபோது, ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலான படங்களைத் தரமற்றவை எனக் கணினி ஏற்க மறுத்தது தெரிய வந்தது. குழந்தைகளில் இச்சிக்கல் மேலும் கடினமானது. அழும் குழந்தையின் சிறு பாவை வழியே ஓரப்பகுதி வரை தெளிவாகப் படமெடுப்பதற்குக் கைப்பயிற்சி தேவை. படத்தில் இல்லாததைக் கணினியால் காண இயலாது.

ஒரு வகைக் கருவியின் படங்களால் பயின்ற முறை, மற்றொரு வகைக் கருவியின் படங்களில் திறன் குறையக்கூடும். விழித்திரையின் நிறம் மக்களினத்துக்கு ஏற்ப மாறுவதனால், ஒரு நாட்டுப் படங்களால் மட்டும் பயின்ற முறையை வேறு நாட்டில் சோதிக்காமல் பயன்படுத்தலாகாது. இந்தியாவில் எடை கூடிய குழந்தைகளிலும் தீவிர நோய் காணப்படுவதனால் இங்கு தனிச் சோதனை இன்றியமையாதது. தவறு நேர்ந்தால் பொறுப்பு மருத்துவருடையதா, மருத்துவமனையுடையதா, மென்பொருளை உருவாக்கியவருடையதா என்னும் கேள்விக்கும் தெளிவான விடை தேவை.

இவற்றினும் அடிப்படையானது ஒன்றுண்டு. கணினி நோயைக் கண்டறியலாம். லேசர் சிகிச்சை அளிக்கும் மருத்துவர் 72 மணி நேரத்துக்குள் கிடைக்காவிட்டால் அக்கண்டுபிடிப்பால் பயனில்லை. வீடு திரும்பிய குழந்தையைப் பெற்றோர் மறு பரிசோதனைக்கு அழைத்து வராவிட்டாலும் அவ்வாறே. பயணச் செலவு, தாயின் உடல்நிலை, கண் நன்றாகத்தானே இருக்கின்றது என்னும் எண்ணம் ஆகியவை இதற்குக் காரணங்களாகின்றன.

தடுப்பு

குறைமாதப் பிறப்பைக் குறைப்பதே முதல் தடுப்பு ஆகும். பிறந்த பின், ஆக்சிஜனைத் தேவைக்கு மட்டும் அளந்து கொடுத்தல், குருதி ஆக்சிஜன் செறிவைத் தொடர்ந்து கண்காணித்தல், நோய்த்தொற்றைத் தவிர்த்தல், எடை சீராகக் கூடச் செய்தல் ஆகியவை நோயின் கடுமையைக் குறைக்கின்றன. தாய்ப்பால் பெறும் குழந்தைகளில் கடும் நோய் குறைவாகக் காணப்படுகின்றது. இந்திய அரசு 2013 ஆம் ஆண்டில் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தில் இந்நோயும் பரிசோதிக்கப்பட வேண்டிய குறைபாடுகளுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டுள்ளது.

2,000 கிராமுக்குக் குறைந்த எடையுடனோ 34 வாரங்களுக்கு முன்னரோ பிறந்த குழந்தை எதுவாயினும், அதன் கண்கள் பார்வைக்கு இயல்பாகத் தோன்றினாலும், பிறந்த 30 நாட்களுக்குள் விழித்திரைப் பரிசோதனை செய்யப்பட வேண்டும்.